பரீட்சை நேரத்தில் தெரபி நாய்களைக் கூட்டி வரலாமா?

கேள்வி இதுதான். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்ப்பவர் கேட்கிறார்: பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வளாகத்துக்குத் தெரபி நாய்களை வரவழைக்கலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. இதனால் மாணவர்களுக்கு உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பதோடு சரியா? நாய் என்றாலே நடுங்குகிற பிள்ளைகளை என்ன செய்வது? நடத்துவதென்றால் எப்படி நடத்துவது?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பலன் உண்டு. ஆனால் அது சின்னப் பலன், பெரும்பாலும் அன்றைக்கே கரைந்துபோகிற பலன். அதைத் தெரிந்துகொண்டு நடத்தினால் நல்ல காரியம்தான். தெரியாமல் நடத்தினால் பிள்ளைகளுக்கும் ஏமாற்றம், நாய்க்கும் தொல்லை. நான் பல வருடங்கள் மாணவர்களுக்கான ஆலோசகராக இருந்தவன். இப்படிப்பட்ட அமர்வுகள் பலவற்றில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டைச் சொதப்பவும் செய்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

சொல்லில் இருக்கிற குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். மூன்று விதமான நாய்களை நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பார்வையற்றவரை வழிநடத்துகிற, காது கேளாதவருக்கு மணியோசையை உணர்த்துகிற நாய் ஒரே ஒருவருக்காகப் பழக்கப்பட்ட உதவி நாய். அது வேலையில் இருக்கும்போது மற்றவர்கள் தொடவே கூடாது. இரண்டாவது, ஒருவருக்கு வீட்டில் ஆறுதலாக இருக்கிற செல்லப் பிராணி. உணர்வுத் துணை என்பார்கள், தனிப் பயிற்சி எதுவும் கட்டாயமில்லை. மூன்றாவதுதான் நாம் பேசுகிற தெரபி நாய். ஒருவர் வீட்டில் வளர்கிற, சாந்த சுபாவமுள்ள, சோதனையில் தேறிய நாய். தன் உரிமையாளரோடு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ கல்லூரிக்கோ வந்து, முன்பின் தெரியாதவர்கள் தன்னைத் தடவ இடம் கொடுக்கும். உரிமையாளர் அநேகமாகத் தன்னார்வலராக இருப்பார். கறாராகப் பார்த்தால் இதைத் தெரபி என்று சொல்வதே கொஞ்சம் மிகை. மனநல நிபுணர் ஒருவர், ஒரு நோயாளிக்கென்று இலக்கு வைத்து, நாயையும் சேர்த்துக்கொண்டு செய்தால் அது சிகிச்சை. தேர்வு வாரத்தில் கூடத்தில் நடப்பது வருகை, அவ்வளவுதான். சுவரொட்டியில் ‘சிகிச்சை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி வருகிற பிள்ளைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்கக் குழந்தை உளவியலாளரிடம் ஜிங்கிள்ஸ் என்று ஒரு நாய் இருந்தது. ஒரு நாள், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு வெகு முன்பே கூட்டிவந்துவிட்டார்கள். அறையில் கிடந்த ஜிங்கிள்ஸ் ஓடிப்போய்ப் பையனை நக்கியது. பையன் பயப்படாமல் அதைக் கட்டிக்கொண்டான். நாயை வெளியே அனுப்பாமல் லெவின்சன் அதை அப்படியே விட்டார். பிறகு வந்த பல அமர்வுகளில் பையன் விளையாடியது நாயோடுதான், அந்த விளையாட்டின் ஓரத்தில்தான் லெவின்சனுக்கும் இடம் கிடைத்தது. இதை 1961-இல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது கேலி செய்தவர்களும் உண்டு. நாய்க்கு ஃபீஸில் எத்தனை பங்கு தருகிறீர்கள் என்று கேட்டார்களாம். 1962-இல் நாயை ‘சக சிகிச்சையாளர்’ என்று அழைத்து அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்குத் தொடக்கம் என்று இன்றும் சொல்கிறார்கள். 1970-களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோர்சன் தம்பதியர் மனநலப் பிரிவு நோயாளிகளோடு நாய்களைப் பழகவிட்டுப் பார்த்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் இது பரவலாக வந்தது கடந்த பதினைந்து வருடங்களில்தான். 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகம் மான்டி என்ற நாயைப் புத்தகம் மாதிரி அரை மணி நேரம் இரவல் தந்தது பெரிய செய்தியானது. 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஒகனாகன் வளாகத்தில் ஜான்-டைலர் பின்ஃபெட் என்பவர் மாணவர்களுக்கென்றே ஒரு நிரந்தரத் திட்டத்தைத் தொடங்கினார். இதைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் கணிசமானவை அங்கிருந்துதான் வந்தன.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எனக்கு ரொம்பப் பிடித்தது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா பென்ட்ரி நடத்தி 2019-இல் வெளியிட்டது. 249 மாணவர்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழு சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தடவி விளையாடியது. இன்னொரு குழு வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்த்தது. மூன்றாவது குழுவுக்கு அதே விலங்குகளின் படங்களைத் திரையில் காட்டினார்கள். நான்காவது குழு, கையில் போனோ புத்தகமோ இல்லாமல் சும்மா காத்திருந்தது. அன்று காலையிலும் அமர்வு முடிந்த பிறகும் உமிழ்நீர் எடுத்து, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று பார்த்தார்கள். தொட்டுத் தடவியவர்களிடம்தான் அது நன்றாகக் குறைந்திருந்தது. இதில் நான் மெச்சுவது ஒப்பீட்டுக் குழுக்களை அமைத்த விதம். சும்மா உட்கார்ந்தாலே பத்து நிமிடத்தில் யாருக்கும் கொஞ்சம் படபடப்பு அடங்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தும் மிச்சம் இருக்கிறது என்பதுதான் சேதி.

தொடுவதுதான் விஷயமா என்பதைப் பின்ஃபெட் குழு தனியாகவே சோதித்தது. 284 மாணவர்கள், மூன்று பிரிவு. ஒரு பிரிவு நாயைத் தொட்டுப் பழகியது, இன்னொன்று நாய் இருக்கும் அறையில் தொடாமல் இருந்தது, மூன்றாவது பிரிவுக்கு நாயே இல்லை, நாயைக் கூட்டிவருகிற ஹேண்ட்லரோடு பேச்சு மட்டும்தான். 2021-இல் வந்த முடிவின்படி, அளந்த எல்லாவற்றிலும் முன்னேறியது தொட்டவர்கள் மட்டுமே. ஆனால் மூன்றாவது பிரிவும் சும்மா போகவில்லை. கனிவான ஓர் ஆளோடு கொஞ்ச நேரம் பேசியதிலேயே சில விஷயங்களில் அவர்களுக்கும் தேறுதல் கிடைத்தது. இந்தச் சின்ன விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி எத்தனை நேரம் நிற்கும் என்ற கேள்வி. பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே 246 மாணவர்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், அமர்வு முடிந்த கையோடு கேட்டபோது மன அழுத்தம் குறைந்திருந்தது, மகிழ்ச்சியும் உற்சாகமும் கூடியிருந்தன. சுமார் பத்து மணி நேரம் கழித்துக் கேட்டபோது மகிழ்ச்சியிலும் உற்சாகத்திலும் மற்றவர்களோடு வித்தியாசம் தெரியவில்லை. மன அழுத்தத்தில் மட்டும் மெல்லிய மிச்சம் இருந்தது. பின்ஃபெட் 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 163 மாணவர்களில் இருபது நிமிட அமர்வுக்குப் போனவர்களுக்கு வீட்டு ஏக்கமும் அழுத்தமும் உடனே குறைந்தன, இந்த இடம் நமக்கானது என்ற எண்ணம் கூடியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுக்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இதைப் படித்துவிட்டு, ‘அப்போ வேஸ்ட்தானே’ என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவலி மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கிறது, அதற்காக யாரும் அதைக் குறை சொல்வதில்லையே. தேர்வுக்கு முந்தைய நாள் மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு அந்த மாலை ஒன்று லேசானால் அது லேசானதுதான். அன்றிரவு ஒழுங்காகத் தூங்கினால் இன்னும் நல்லது. தவறு எங்கே வருகிறதென்றால், அந்த ஒரு மாலையைக் காட்டி, நாங்கள் மாணவர் மனநலத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டோம் என்று ஆண்டறிக்கையில் எழுதும்போதுதான்.

திரும்பத் திரும்ப நடத்தினால் என்ன ஆகும்? இதற்கு விடையாக வந்ததைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். பென்ட்ரி குழு 309 மாணவர்களை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட நான்கு வார ஆய்வு அது. வாரம் ஒரு அமர்வு. ஒரு பிரிவுக்கு வழக்கமான பட்டறை: அழுத்தத்தைக் கையாள்வது, தூக்கம், நேர மேலாண்மை என்று பாடம். இன்னொரு பிரிவுக்குப் பாதிப் பாடம், பாதி நேரம் நாயோடு. மூன்றாவது பிரிவுக்குப் பாடமே கிடையாது, முழு நேரமும் நாயோடுதான். மனநலச் சிக்கல், தேர்வில் தோல்வி, கற்றல் குறைபாடு என்று ஏற்கெனவே ஆபத்து விளிம்பில் இருந்த மாணவர்களிடம், திட்டமிடுவது, கவனத்தை நிறுத்துவது, படித்ததை நினைவில் கொள்வது போன்ற திறன்கள் மேம்பட்டது மூன்றாவது பிரிவில்தான். திட்டம் முடிந்து ஆறு வாரம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. பட்டறை நடத்தி நடத்தியே காலத்தை ஓட்டிய என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால் புரிகிறது. ஏற்கெனவே பாடத்தில் மூழ்கித் தத்தளிக்கிற பிள்ளைக்கு ‘அழுத்தத்தைக் குறைப்பது எப்படி’ என்று இன்னொரு பாடம் வைத்தால், அதிலும் தேற வேண்டுமே என்ற கவலைதான் வரும். நாய் பக்கத்தில் இருக்கும்போது தேற வேண்டியது எதுவும் இல்லை.

ஆகவே, நிகழ்ச்சிக்கு நடுவில் பத்து நிமிடம் யாராவது வந்து மூச்சுப் பயிற்சி பற்றிப் பேசட்டுமே என்று ஆசைப்படாதீர்கள். நாய் வந்த நேரம் நாய்க்கே.

இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால், எல்லோரும் உடனே ஆக்சிடோசின் என்பார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவருக்கும் அந்த ஹார்மோன் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் அது சொந்த நாய்க்கும் சொந்தக்காரருக்கும் நடுவே நடந்தது. முதல் தடவை பார்க்கிற நாயிடம் பதினைந்து நிமிடத்தில் அப்படியே நடக்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. நான் பார்த்த வரையில் காரணம் இன்னும் சாதாரணமானது. நாய்க்கு உங்கள் மதிப்பெண் தெரியாது. எந்தத் துறை, எந்த வருடம், ஏன் அரியர் வைத்தாய் என்று கேட்காது. பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சந்திக்கிற அநேகமாக எல்லோரும் அவரை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு ஜீவன் போடுவதில்லை.

அப்புறம் பேச்சு. நாயோடு நடந்து போகிறவரிடம் முன்பின் தெரியாதவர்கள் அதிகமாகப் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்பதை மெக்னிகலஸ், காலிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் காட்டினார்கள். நாயோடு போனவர் நேர்த்தியாக உடுத்திப் பார்த்தார்கள், கந்தலாக உடுத்தியும் பார்த்தார்கள். இரண்டிலும் நாய் இருந்தால் பேச்சு கூடியது. நாயைச் சுற்றித் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் நாலு மாணவர்களுக்குள் இதேதான் நடக்கிறது. எல்லோர் கண்ணும் நாய் மேல் இருக்கும். அதனால் யாரும் யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. ‘எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். வீட்டைப் பற்றிப் பேச்சு வரும், விடுதிச் சாப்பாடு வரும், போன வாரம் அழுதது வரும். முதல் வருடப் பையன் ஒருவன் லேப்ரடாரின் காதை நீவிக்கொண்டே, மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை என்று சொன்னான். அதை என்னிடம் சொல்லவில்லை, நாயோடு வந்த ஓய்வுபெற்ற அம்மாளிடம் சொன்னான். என் அறைக்கு அவன் வந்திருந்தால் அதைச் சொல்ல நாலு அமர்வு எடுத்திருக்கும். அவன் வந்திருக்கவே மாட்டான் என்பது வேறு விஷயம்.

ஆய்வுகளின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்குப் பெயர் கொடுத்து வருகிறவர்களில் பெரும்பாலோர் நாய்ப் பிரியர்கள். தங்களுக்குக் கிடைத்தது நாயா, வெறும் காத்திருப்பா என்பதை அவர்களிடம் மறைக்கவும் முடியாது. மருந்து ஆய்வில் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், மாவு நாய் கொடுக்க முடியுமா? எனவே ‘எனக்கு நன்றாக இருக்கிறது’ என்று அவர்கள் சொல்வதில் எதிர்பார்ப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். நாய் பிடிக்காதவர்களுக்கு இது என்ன செய்யும் என்பதை இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது.

எதற்குப் பயன்படாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீவிர மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், சாப்பாட்டுக் கோளாறு, போதைப் பழக்கம் இவற்றுக்கு நாயைத் தடவுவது வைத்தியம் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் மனநல ஆய்வு எட்டு நாடுகளில் 19 கல்லூரி, பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவர்கள் சுமார் 14,000 பேரைக் கேட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்ட கணக்கு: ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு மனநலச் சிக்கலுக்கான அறிகுறிகள் இருந்திருக்கின்றன. மூன்றில் ஒருவர்! உங்கள் ஆலோசகரைப் பார்க்க மாணவர் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தால், நாய்க்கு ஒதுக்குகிற முயற்சியை முதலில் அங்கே ஒதுக்குங்கள். நாய் வருகைக்குச் செலவு குறைவு, படம் அழகாக வரும், யாரும் எதிர்க்க மாட்டார்கள். நிர்வாகங்களுக்கு இது பிடிப்பதற்கு இவையெல்லாமும் காரணம் என்பதை நீங்களும் நானும் அறிவோம்.

இனி நடத்தும் விதம். நான் சொதப்பியதைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். ஒரு கல்லூரியில் மதிய இடைவேளையில், நூலக வாசலில், இரண்டு நாய்களை மட்டும் வைத்து ஏற்பாடு செய்தோம். முன்பதிவு கிடையாது. நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் கையிலும் போன், குனிந்து குனிந்து செல்ஃபி. ஒரு நாய் கால் மணி நேரத்தில் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை வெளியே இழுக்க மூன்று பேர் மண்டி போட்டார்கள். நல்ல வேளையாக ஹேண்ட்லர், போதும் என்று சொல்லி இரண்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று நூலகத்துக்குப் படிக்க வந்து, நாய்க்குப் பயந்து பின்வாசல் எங்கே என்று தேடிய பெண்ணை நான் அப்புறம்தான் கவனித்தேன். படிக்க வருகிற வழியை நாயை வைத்து அடைத்திருக்கிறோம். இதைவிட மோசமாக யோசித்திருக்க முடியாது.

அதனால் இடம் முக்கியம். யாரும் வேறு வேலையாகக் கடந்து போகாத தனி அறை, இரண்டு கதவு இருந்தால் நல்லது. தரை வழுக்கக் கூடாது, ஒரு பாய் விரித்துவிடலாம். ஒரு நாயைச் சுற்றி நாலு பேர், அதிகம் போனால் ஐந்து பேர். இருபது நிமிடம். முன்பதிவு இருக்கட்டும், ஆனால் இரண்டு இடமாவது சும்மா வந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்காக விட்டு வையுங்கள். நிஜமாகவே தவிக்கிறவர்கள் முன்பதிவு செய்கிற நிலையில் இருப்பதில்லை. என்றைக்கு, எந்த அறையில், எத்தனை மணி வரை என்பதை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் தெரிவியுங்கள், வர விரும்பாதவர் அந்தப் பக்கம் போகாமலிருக்க. ஒவ்வாமை உள்ளவர்கள் அடுத்த வகுப்புக்கு அதே அறையில் வந்து உட்காரும்படி ஆகிவிடக் கூடாது. மத வழக்கத்தால் நாயின் எச்சில் படாமல் இருக்க விரும்புகிறவர்கள் உண்டு, சின்ன வயதில் கடிபட்டவர்கள் உண்டு. இவர்களிடம் ‘இது கடிக்காது, வா வா’ என்று கையைப் பிடித்து இழுப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. பயத்தைப் போக்க முறையான வழிகள் இருக்கின்றன, தேர்வு வாரத்துக் கூடம் அதற்கு இடமில்லை. அவர்களுக்கென்று வேறு ஏதாவது, ஒரு அமைதியான அறையும் கனிவான ஓர் ஆளும் இருந்தாலும் போதும். நாயில்லாத மூன்றாவது பிரிவைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே கைகொடுக்கும்.

அழுபவர்கள் இருப்பார்கள். அதற்கு ஆயத்தமாக இருங்கள். வீட்டு நாய் செத்துப்போன செய்தி விடுதியில் இருக்கும்போது வந்திருக்கும், கடைசியாகப் பார்க்கக்கூட முடிந்திருக்காது. அப்படி ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் இருபது நிமிடமும் கண்ணீராகத்தான் ஓடும். ஒன்றும் செய்ய வேண்டாம், உட்காரட்டும். ஆலோசகர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மேசை போட்டு உட்காரக் கூடாது. அவரும் தரையில், நாய்க்குப் பக்கத்தில்.

நாயைத் தேர்ந்தெடுப்பது பற்றி. ‘எங்கள் துறைத் தலைவர் வீட்டு நாய் ரொம்ப சாது’ என்பது தகுதியாகாது. வீட்டில் சாதுவாக இருப்பது வேறு, முப்பது அந்நியக் கைகளுக்கு நடுவே சாதுவாக இருப்பது வேறு. அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் போன்ற அமைப்புகள் நாய்க்கு ஒரு வயதாவது நிறைந்திருக்க வேண்டும், இப்போதைய வீட்டில் ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. திடீர்ச் சத்தம், தடுமாறி நடக்கிற ஆள், இறுக்கிக் கட்டிப்பிடிப்பவர், கீழே விழுந்த தின்பண்டம் எனப் பலதையும் வைத்துச் சோதிக்கிறார்கள். நாயை மட்டும் சோதிப்பதில்லை, கூட வருகிறவரையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பச்சை இறைச்சி தின்கிற நாய்களை அந்த அமைப்பு 2010 முதல் அனுமதிப்பதில்லை, கிருமி பரவும் என்பதால். இப்படிச் சோதித்து அனுப்புகிற அமைப்பு உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லையென்றால், கால்நடை மருத்துவர் ஒருவரையும் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரையும் வைத்து நீங்களே சோதிக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் நடத்தாமலிருப்பது நல்லது.

ரேபிஸ் தடுப்பூசிச் சான்று காலாவதியாகாமல் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள், வாய்வார்த்தை போதாது. ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது கணக்கு, மனிதருக்கு வருவதில் 99 விழுக்காடு நாய் மூலம்தான். தடுப்பூசி போட்ட வீட்டு நாயால் வருகிற ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனாலும் பல் பட்டுவிட்டாலோ நகம் கீறி ரத்தம் வந்தாலோ, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். யார் கூட்டிப் போவது, செலவு யாருடையது என்பதை முன்பே எழுதி வையுங்கள். அமர்வுக்கு முன்னும் பின்னும் எல்லோரும் கை கழுவட்டும். கையில் காயமோ கட்டோ இருப்பவர்கள் நாயை நக்கவிட வேண்டாம்.

இனி நாயின் பக்கம். ஏனோ இதைக் கேட்பவர்கள் குறைவு. நீங்களும் கேட்கவில்லை. நாய் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை உறுமித்தான் சொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். உறுமல் கடைசி வார்த்தை. அதற்கு முன்பே அது நிறையச் சொல்லியிருக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நாக்கால் அடிக்கடி நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்க்கும், வெயில் இல்லாமலே இரைக்கும், நனையாமலே உடம்பை உதறும், வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொள்ளும். ‘ஐயோ, கொட்டாவி விடுது, எவ்வளவு க்யூட்!’ என்று மாணவர்கள் படம் எடுக்கிற நேரத்தில் அது ‘போதும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இதைக் கவனிப்பது ஹேண்ட்லரின் வேலை. அவர் கிளம்புகிறேன் என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது, வரிசையில் துணைவேந்தரே நின்றாலும் சரி. ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் இடைவெளியும், தண்ணீரும், யாரும் தொடாத ஒரு மூலையும் வேண்டும். நாயே மாணவரிடம் வரட்டும், மாணவர் நாய் மேல் கவிழ வேண்டாம். தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் மார்பிலும் தோளிலும் தடவச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் இதைச் சொன்னால் போதும், பிள்ளைகள் அழகாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நாய் கிடைக்காத இடத்தில் காணொளி காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அப்படியும் முயன்று பார்த்தார்கள். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் தொட்டவர்களுக்குக் கிடைத்தது பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று மேலே சொன்ன ஆய்வுகளே காட்டிவிட்டன.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் தேர்வு வாரத் திருவிழாவாக இதைச் செய்ய மாட்டேன். பருவம் தொடங்கிய மூன்றாவது நான்காவது வாரத்தில், வீட்டு ஏக்கம் உச்சத்தில் இருக்கும்போது ஆரம்பிப்பேன். ஒரே நாய், அதே ஹேண்ட்லர், வாரம் ஒரு நாள், அதே அறை, அதே நேரம். இந்த நாய் செவ்வாய்க்கிழமை இங்கே இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தாலே, ஒன்றுமில்லாமல் அந்தப் பக்கம் வருவார்கள். அறைக்குள் நுழைந்ததும் நிரப்பச் சொல்லி நாலு பக்கப் படிவம் நீட்டாதீர்கள். பலனை அளக்க வேண்டுமென்றால், போகும்போது ‘எப்படி இருந்தது’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள். மறுநாள் மாலை ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள், நேற்று இரவு எப்படித் தூங்கினீர்கள் என்று. பருவ முடிவில், நாய் அறைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பிறகு ஆலோசகரைத் தேடி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய எண் வராது. வந்தவர்களில் சிலர், வேறு எந்த வழியிலும் வந்திருக்காதவர்களாக இருப்பார்கள்.

போட்டோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு மாதத்துக்கு அறைக்குள் கேமராவே வேண்டாம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நிர்வாகம் அதற்குச் சம்மதிக்கிறதா என்று பார்த்தாலே, எதற்காக நாயைக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.